காருக்குள் எதற்கு இந்தப் பளபளப்பு?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த ஊர் வாட்டர் வாஷ் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கார்கள் வரிசைகட்டி நிற்கும். நுரை போட்டு, தண்ணீர் அடித்து, வாக்குவம் பிடித்து எல்லாம் முடிந்ததும், கடைப் பையன் கையில் ஒரு ஸ்பிரே பாட்டிலோடு வந்து நிற்பான்.

"சார், உள்ளே பாலிஷ் போட்ரட்டுமா? கொஞ்சம்தான் எக்ஸ்ட்ரா. டாஷ்போர்டு சும்மா கண்ணாடி மாதிரி மின்னும்!"

நாமும், 'நல்ல நாளும் அதுவுமா வண்டி பளிச்னு இருக்கட்டுமே' என்று தலையை ஆட்டிவிடுவோம். காரைத் திரும்ப எடுக்கும்போது கதவைத் திறந்தால் கும்மென்று ஒரு வாசனை. டாஷ்போர்டு எண்ணெய் தேய்த்த தலை மாதிரி மினுமினுக்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்படித் தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். 'என்னங்க இது, ஆரோக்கியப் பத்திரிகையில் கார் பாலிஷா?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. காரின் உள்ளே எப்படிப்பட்ட மெருகு போடுகிறோம் என்பது உங்கள் கண், மூச்சு, குழந்தையின் கைவிரல் எல்லாவற்றையும் தொடுகிற விஷயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் உள்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது. பார்த்தால் மங்கலாக, தொட்டால் உலர்வாக இருப்பதுதான் நல்ல மெருகு.

புது வண்டி பளபளக்குதா?

'புது வண்டி மாதிரி ஆக்கித் தர்றேன்' என்று கடையில் சொல்கிறார்களே, ஒரு புது வண்டியை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறீர்களா? ஷோரூமில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே நீளமாகப் படுத்திருக்கிற டாஷ்போர்டின் மேல்பரப்பு மின்னவே மின்னாது. கையால் தடவினால் சொரசொரப்பாக, தோல் மாதிரி சின்னச் சின்ன ரேகைகளோடு இருக்கும். அச்சு வார்க்கும்போதே அந்த ரேகைகளை வேண்டுமென்றே பதிக்கிறார்கள்.

காரணம், வெளிச்சம். வழவழப்பான பரப்பில் விழும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போல ஒரே திசையில் திரும்பிப் போகும். சொரசொரப்பான பரப்பில் விழுந்தால் நாலா பக்கமும் சிதறிவிடும். டாஷ்போர்டுக்கு நேர் மேலே சாய்வாக நிற்பது முன் கண்ணாடி. டாஷ்போர்டு மின்னினால் அதிலிருந்து எகிறும் வெளிச்சம் முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டு, அங்கிருந்து நேராக ஓட்டுபவரின் கண்ணுக்கு வரும். ரோடு தெரிய வேண்டிய இடத்தில், ரோட்டின் மேல் ஒரு வெள்ளைத் திரை விரித்தாற்போல டாஷ்போர்டின் நிழலுருவம் மிதக்கும். மத்தியான வெயிலில் காரை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். 'வெயில் கூசுது' என்று வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவோம்.

இப்போது வருகிற கார்களில் முன் கண்ணாடி முன்பைவிட அதிகம் படுத்து நிற்கிறது. டாஷ்போர்டும் நீளமாகிவிட்டது. அதனால் இந்தத் தொந்தரவு குறையவில்லை. உள்ளே இளமஞ்சள், சந்தன நிறம் வைத்த கார்களில் இன்னும் மோசம். வெளிர் நிறம் தானாகவே அதிக வெளிச்சத்தைத் திருப்பும்; அதன் மேல் பாலிஷும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆக, கார் கம்பெனிக்காரன் மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்த மங்கலை, நாம் காசு கொடுத்து அழிக்கிறோம்!

வயசான கண்ணுக்கு இரட்டைச் சோதனை

கூச்சம் எல்லாக் கண்ணுக்கும் ஒன்றல்ல. இருபது வயதில் நம் கண்ணின் லென்ஸ் தெளிந்த நீர் போல இருக்கும். வயது ஏற ஏற அது மஞ்சளித்து, லேசாக மங்கி, உள்ளே வருகிற வெளிச்சத்தைச் சிதறடிக்கத் தொடங்கும். கண்மணியும் முன்போல அகலமாக விரியாது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம், இருபது வயதுப் பையனுக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கூச்சம் பட்ட பிறகு கண் பழைய நிலைக்குத் திரும்பவும் அதிக நேரம் பிடிக்கும். கண்புரை ஆரம்பித்திருந்தால் இந்தச் சிரமம் பல மடங்கு.

வீட்டில் கார் ஓட்டுவது யார்? பல குடும்பங்களில் ஐம்பதைத் தாண்டிய அப்பா. அல்லது ரிட்டயரான பிறகு ஆசையாக ஒரு கார் வாங்கி, பேரனை ஸ்கூலில் விட்டு வருகிற தாத்தா. 'முன்ன மாதிரி ராத்திரியில ஓட்ட முடியலப்பா, எதிர்ல வர்ற லைட்டு கண்ணைப் பறிக்குது' என்று அவர் சொன்னால் கண் டாக்டரிடம் காட்ட வேண்டியது அவசியம். அதோடு காரின் முன் கண்ணாடியையும் உள்பக்கமாக ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். வெயிலில் சூடேறும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவியும், பாலிஷ் ஸ்பிரேயின் துளிகளும் கண்ணாடியில் போய்ப் படிந்து உண்டாகிற படலம் அது. பகலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிரே ஹெட்லைட் வந்ததும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினாற்போல ஆகிவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. அந்த ஒரு விநாடி, குறுக்கே வருகிற சைக்கிள்காரர் உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால்? டாஷ்போர்டு மின்னுகிற அழகுக்கு நாம் கொடுக்கிற விலை இதுவாக இருக்கக் கூடாது.

கை வழுக்கும், கால் வழுக்கும்

பளபளப்பு தரும் பாலிஷ்களில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கான் எண்ணெய். பரப்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமாக நிற்பதுதான் அதன் வேலை. டாஷ்போர்டில் நின்றால் கூச்சத்தோடு போயிற்று. சில கடைகளில் ஒரே துணியால் எல்லாவற்றையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்கள். ஸ்டியரிங், கியர் குமிழ், ஹாண்ட் பிரேக், ஏன், பிரேக் பெடல் ரப்பர் கூடத் தப்புவதில்லை!

வேர்த்த கையோடு வழுக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், தெரியும். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது செருப்பு பெடலிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. டிரைவரின் காலடியில் போட்டிருக்கும் ரப்பர் மேட்டுக்கும் இதே கதைதான். குதிகால் ஊன்றி நிற்க வேண்டிய இடம் அது.

கார் இல்லை, ஸ்கூட்டர்தான் இருக்கிறது என்கிறவர்களும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். சர்வீஸ் முடிந்து வருகிற வண்டியின் சீட்டில் பாலிஷ் போட்டுக் கொடுக்கிறார்கள். புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருகிற அம்மாவுக்கு அந்த சீட்டில் பிடிமானம் ஏது? ஒரு சடன் பிரேக் போதும். வண்டியை எடுத்ததும் சீட்டைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு வீட்டம்மாவை ஏற்றுங்கள்.

மூச்சிலே கலக்கும் மெருகு

அடுத்தது வாசனை. பாலிஷ்களில் இரண்டு ஜாதி. ஒன்று, பெட்ரோலிய கரைப்பானில் சிலிக்கானைக் கரைத்தது. மற்றொன்று, தண்ணீரில் கலந்தது. பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். முதல் ஜாதி உடனே பளபளக்கும், சீக்கிரம் காயும், சில கடைகளில் லூஸிலும் வரும். அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் நாம் முதலில் சொன்ன 'கும்'மென்ற வாசனை. சிலருக்குத் தலைவலி வரும். சிலருக்குத் தொண்டை கரகரக்கும், கண் எரியும், வாந்தி வருவது போல இருக்கும். ஆஸ்துமா இருக்கிறவருக்கு இழுப்பே வரலாம். அந்த வாசனையை அமுக்க மேலே ஒரு மல்லிகை சென்ட் அடித்தால், அது தனித் தொந்தரவு.

திறந்த வெளியில் வாசனை கலைந்து போய்விடும். கார் என்பது நாலு கதவும் மூடிய ஒரு சின்ன அறை. ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று வராமல் பட்டனையும் அழுத்திவிட்டால், உள்ளே இருக்கிற அதே காற்றைத்தான் குடும்பத்தோடு திரும்பத் திரும்ப சுவாசிக்கிறோம். சூடு ஏற ஏற ஆவியும் அதிகமாகக் கிளம்பும். நம் ஊர் வெயிலில் கார் எவ்வளவு சூடாகிறது தெரியுமா? அமெரிக்காவின் அரிசோனாவில் சுமார் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்த நாட்களில் கார்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டியரிங் 53 டிகிரி, சீட் 51 டிகிரி இருந்தது. நம்ம வேலூர், திருச்சி அக்னி நட்சத்திர வெயில் இதற்குச் சளைத்ததா என்ன?

காருக்குள் இருக்கும் காற்றும் கவனிக்க வேண்டிய விஷயம்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டு கொஞ்ச காலம் ஆகிறது. புதுக் காரின் உள்காற்றில் இருக்கும் ஆவிகளை எப்படி அளப்பது என்பதற்கே ஐ.எஸ்.ஓ. 12219 என்ற தரவிதியை 2012-ல் கொண்டுவந்தார்கள். கம்பெனிகள் அந்த ஆவியைக் குறைக்கப் பாடுபடுகின்றன. நாம் பாட்டிலை வாங்கித் திரும்ப உள்ளே அடிக்கிறோம்.

குழந்தைகளை மறக்க வேண்டாம். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் வாண்டு கதவின் உள்பக்கத்தைத் தடவும், சீட்டை நக்கிக்கூடப் பார்க்கும், அதே கையால் பிஸ்கட் சாப்பிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளில் பளபளப்பு போய், சாம்பல் பூத்தாற்போல டாஷ்போர்டு காட்சி தருவது இதனால்தான். தூசி அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு இது கூடுதல் தும்மல்.

நமக்கு மாதம் ஒரு தடவை. அந்தக் கடைப் பையனுக்கு? தினமும் எத்தனையோ கார்கள். ஒவ்வொன்றிலும் தலையை உள்ளே விட்டு, முகத்துக்கு நேராக ஸ்பிரே அடித்து, மாஸ்க் இல்லாமல், கையுறை இல்லாமல் அதே ஆவியில் வேலை செய்கிறான். அவன் கையைப் பாருங்கள். தோல் வறண்டு, வெடித்து இருக்கும். நாம் கேட்கிற பளபளப்புக்கு நம்மைவிட அதிக விலை கொடுப்பது அவன்தான். 'தம்பி, நாலு கதவையும் திறந்து வச்சுட்டு வேலை செய்யப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

'பாலிஷ் போடலேன்னா வெடிச்சுடுமே!'

இது எல்லோரும் கேட்கிற கேள்வி. வெயிலில் பிளாஸ்டிக் வெளிறும், வெடிக்கும் என்பது நிஜம். புறஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை அது. 'யு.வி. பாதுகாப்பு' என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே என்பீர்கள். சில தயாரிப்புகளில் அதற்கான சரக்கு நிஜமாகவே சேர்க்கப்படுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் பளபளப்புக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. தண்ணீர்க் கலவையில், மேட் ஃபினிஷ் என்று போட்டு, காய்ந்ததும் மங்கலாகவே நிற்கிற பாலிஷ்களிலும் அதே பாதுகாப்பு கிடைக்கிறது. டாஷ்போர்டுக்கு ஏதாவது தடவியே தீர வேண்டும் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட உசத்தி ஒன்று இருக்கிறது. நிழல்! மரத்தடியில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் முன் கண்ணாடிக்கு உள்ளே மடக்கி வைக்கிற வெள்ளித் தட்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். பாலிஷ் செலவில் பாதி மிச்சம்.

சில வீடுகளில் கைவைத்தியம் வேறு நடக்கிறது. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு டாஷ்போர்டில் தடவுவது! அன்றைக்குக் கறுகறுவென்று அழகாக இருக்கும். ஒரு வாரத்தில் தூசி அப்பும். வெயில் சூட்டில் எண்ணெய் கெட்டு சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் இருக்கட்டும்.

2020-ல் கொரோனா வந்தபோது இன்னொரு பழக்கமும் தொற்றிக்கொண்டது. சானிடைசரை ஸ்டியரிங், டச் ஸ்கிரீன், லெதர் சீட் எல்லாவற்றிலும் அடித்துத் துடைப்பது. ஆல்கஹால் அடிக்கடி பட்டால் லெதரின் மேல்பூச்சும் திரையின் மேல்பூச்சும் கெட்டுவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஏறினால் போதும்.

ஏர்பேக் மூடியில் கவனம்

2021 முதல் புது மாடல் கார்களில் டிரைவருக்கு மட்டுமில்லாமல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. டிரைவருடையது ஸ்டியரிங் நடுவில். பக்கத்து சீட்டுக்கானது டாஷ்போர்டுக்குள். மோதல் நடந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அந்த மூடியைக் கிழித்துக்கொண்டு பை வெளியே வர வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற கம்பெனிகளின் கையேடுகளிலேயே, கரைப்பான் கலந்த ஸ்பிரேக்களை அந்த இடத்தில் அடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. பிளாஸ்டிக்கில் நுண்துளைகள் விழுந்து பலவீனமாகி, பை விரியும்போது சில்லுகள் பறந்து காயப்படுத்தலாம் என்பது காரணம். உங்கள் காரின் கையேடு டாஷ்போர்டு அறையில் பிரிக்கப்படாமலே கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் 'சுத்தம் செய்தல்' என்ற பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

கடைக்காரர் தரப்பு

இவ்வளவு சொல்லிவிட்டு, கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அவர் நிலைமையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் மெனக்கெட்டு, பிரஷ்ஷால் ஏ.சி. துவாரத்து அழுக்கை எல்லாம் எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, மங்கலாக, சுத்தமாகக் காரைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் என்ன சொல்வார்? 'என்னப்பா, உள்ளே ஒண்ணுமே பண்ணலையா?' இரண்டே நிமிஷத்தில் அழுக்கின் மேலேயே ஸ்பிரே அடித்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தாலோ, 'சூப்பர்!' என்று டிப்ஸ் கிடைக்கிறது. பிறகு அவர் எந்த வழியில் போவார்?

பளபளப்பைச் சுத்தம் என்று நாம் நம்புகிறோம். நாம் நம்புவதால் அவர் அதைக் கொடுக்கிறார். அவர் கொடுப்பதால் நம் நம்பிக்கை இன்னும் உறுதிப்படுகிறது. இந்தச் சங்கிலியை யாராவது ஒருத்தர் அறுக்க வேண்டும். காசு கொடுக்கிறவர் நாம். ஆகவே நாம்தான் முதலில் அறுக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முடி வெட்டுகிற கடையில் உட்கார்ந்தால், 'மீடியமா, ஷார்ட்டா?' என்று கேட்காமல் கத்தரியை வைக்கிறார்களா? காபிக் கடையில் கூட 'சர்க்கரை போடலாமா சார்?' என்று கேட்கிறார்கள். சர்க்கரை வியாதி பெருகியதும் அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது. அதே மாதிரி, 'உள்ளே மங்கலா இருக்கட்டுமா, லேசா மினுக்கட்டுமா?' என்று நீங்களும் கேளுங்கள். டாஷ்போர்டில் பாதியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறு பாதியை அழுக்காகவே வைத்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் செய்த வேலை அவர் கண்ணுக்குத் தெரியும், பளபளப்பு தேவைப்படாது. ஏன் மங்கலாக விடுகிறோம் என்று இரண்டு வரி சொன்னால், அடுத்த தடவை அவர் இன்னொருவரையும் அழைத்து வருவார்.

எதற்கு என்ன மெருகு?

டாஷ்போர்டின் மேல்பக்கம்: ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. அவ்வளவுதான். தடவினால் மேட் ஃபினிஷ் மட்டும். தடவிய பிறகு காய்ந்த துணியால் நன்றாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

ஸ்டியரிங், கியர், ஹாண்ட் பிரேக்: மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. எந்த மெருகும் வேண்டாம். புதுசில் மங்கலாக இருந்த ஸ்டியரிங் இப்போது மினுக்குகிறது என்றால் அதில் கை எண்ணெயும் அழுக்கும் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். துடைத்தால் பழையபடி மங்கிவிடும்.

பெடல், காலடி ரப்பர் மேட்: தண்ணீரும் பிரஷ்ஷும். வேறு எதுவும் கிட்டவே வரக் கூடாது.

கதவின் உள்பக்கம்: இங்கே வெளிச்சத் தொந்தரவு குறைவு. லேசான மினுமினுப்பு உங்களுக்குப் பிடித்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணாடி இறக்கும் ஸ்விட்சில் நேராக ஸ்பிரே அடித்தால் உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும். துணியில் அடித்துத் தடவச் சொல்லுங்கள்.

சீட்: லெதர் என்று சொல்லி விற்கப்படுவதில் பாதிக்கு மேல் ரெக்சினோ லெதரெட்டோ இருக்கும் இடங்கள் உண்டு. நிஜ லெதருக்கும் பெரும்பாலும் மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. எண்ணெயை ஊற்றினால் உள்ளே இறங்காது. உங்கள் வேஷ்டியிலும் புடவையிலும்தான் ஒட்டும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவதே போதும். துணி சீட் என்றால் வாக்குவம். ஷாம்பூ போட்டுக் கழுவினால் வெயிலில் கதவைத் திறந்து வைத்து முழுக்கக் காயவிட்ட பிறகே காரை மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பூக்கும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

சீட் பெல்ட்: மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும். நிழலில் காய்ந்த பிறகு உள்ளே இழுக்க விடுங்கள்.

முன் கண்ணாடி: எல்லா வேலையும் முடிந்து கடைசியாக, உள்பக்கத்தை இரண்டு தடவை துடைக்க வேண்டும். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த சுத்தமான மைக்ரோஃபைபர். பாலிஷ் பட்ட துணியை இங்கே கொண்டு வரவே கூடாது.

பியானோ கறுப்பு என்று கம்பெனியே பளபளப்பாகக் கொடுக்கிற சின்னப் பட்டைகள் இருக்கும். அவற்றைக் கீறல் விழாமல் மெல்லத் துடைத்தால் போதும். டயர் பக்கவாட்டுக்கும் வெளி பம்பருக்கும் பாலிஷ் போட்டுப் பளபளக்க வையுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? தரையில் படுகிற டயர் பட்டையில் மட்டும் அது படக் கூடாது.

காரை எடுக்கும்போது மூன்று சோதனை

ஒன்று, விரல் சோதனை. டாஷ்போர்டிலும் ஸ்டியரிங்கிலும் விரலை அழுத்தித் தேயுங்கள். விரல் வழுக்கினால், பிசுபிசுத்தால், 'இன்னொரு தடவை காய்ந்த துணியால துடைச்சுடுங்க தம்பி' என்று சொல்லுங்கள்.

இரண்டு, கண் சோதனை. காரை வெயிலில் நிறுத்தி, ஓட்டுபவர் இடத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். முன் கண்ணாடியில் டாஷ்போர்டின் உருவம் பளிச்சென்று தெரிந்தால் மெருகு அதிகம்.

மூன்று, மூக்குச் சோதனை. வாசனை தூக்கலாக இருந்தால் குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரரையும் உடனே ஏற்றாதீர்கள். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பிறகு ஏ.சி.யைப் போடலாம்.

வீட்டிலேயே துடைக்கிறவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை. கரைப்பான் கலந்த பாலிஷைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விட்டால் கடுமையான நிமோனியா வரும். அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்பிரே டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் போட்டு வைக்க வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். காருக்குள் எவ்வளவு ஏறும் என்று மேலே பார்த்தோமே!

அடுத்த தடவை கடைப் பையன் பாட்டிலோடு வந்து நின்றால் இதைச் சொல்லுங்கள்: "உள்ளே பாலிஷ் வேணாம் தம்பி. தூசி எடுத்து, ஈரத் துணியால துடைச்சு, காய்ந்த துணியால ஒத்தி விடு. முன் கண்ணாடியை மட்டும் உள்பக்கமா ரெண்டு தடவை நல்லாத் துடை. பாலிஷுக்குக் குடுக்கிற காசை நீயே வச்சுக்கோ."

அவன் ஆச்சரியமாகப் பார்ப்பான். பார்க்கட்டும். அன்று ராத்திரி எதிர் லைட்டில் கண்ணாடி தெளிவாக இருக்கும்போது, அந்தக் காசு எதற்குக் கொடுத்தோம் என்று உங்களுக்குத் தெரியும்.